நல்லூர்த் தேநீர் விருந்தில் காணாமற்போன காப்பு

ஹார்மோனியத்தின் கடைசிச் சுரம் அடங்கியதும் பராசக்தி எழுந்து யன்னலோரச் சிறு மேசைக்குப் போனார். பாட உட்காருமுன் அங்கே கழற்றி வைத்த காப்பு இல்லை.

1937ஆம் ஆண்டு, ஆவணி மாத ஞாயிறு, மாலை ஐந்து மணி. இடம், நல்லூரில், கோட்டில் வழக்குப் பார்க்கும் பிரக்கிராசி கனகலிங்கத்தின் வீட்டு முன்கூடம்.

பராசக்தியின் கணவர் மலாயா ரயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்ரர். விடுமுறைக்குத் தனியாக வந்து சண்டிலிப்பாயில் தாய்வீட்டில் தங்கியிருந்த அவருக்காக, பள்ளித்தோழி கமலாவதி, அதாவது கனகலிங்கத்தின் மனைவி, அந்தத் தேநீர் விருந்தை வைத்திருந்தார். காணாமற்போனது கெம்புக் கல் பதித்த ஒற்றைக் காப்பு. பெருவிரல் தடிப்பு. கலியாணத்தன்று மாமியார் தன் கையிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டது. ஹார்மோனியக் கட்டைகளில் இடிக்கிறது என்றுதான் அதைக் கழற்றினார்.

விருந்தினர் வேறு இருவர். ஒருவர் அடுத்த வீட்டுப் பாலேஸ்வரி. பராசக்தியின் கணவருக்கு மூத்த சகோதரி. மற்றவர் சங்கீதப் பிரியரான கதிரவேலு வாத்தியார். பாட்டு நடந்தபோது பாலேஸ்வரி யன்னலோரம் இருந்தார். வாத்தியார் நடுவில் வெற்றிலை துப்ப விறாந்தைக்குப் போய் வந்தார். கனகலிங்கம் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சமையற்காரி லூர்த்தம்மா தட்டத்தில் வெறும் கோப்பைகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் அடுக்கிவிட்டுக் குசினிக்குத் திரும்பினார். போகும் வழி அந்தச் சிறு மேசையை ஒட்டித்தான்.

என்னைச் சோதியுங்கள் என்று முதலில் எழுந்தவர் பாலேஸ்வரி. பெண்களைக் கமலாவதி உள்ளறையில் சோதித்தார். வாத்தியார் சட்டைப் பையைப் புரட்டிக் காட்டினார். லூர்த்தம்மாவின் துணிப்பை, குசினி, அரிசிப் பானை, அடுப்புச் சாம்பல் எல்லாம் கிளறப்பட்டன. காப்பு கிடைக்கவில்லை.

"எடுத்தவள் உவள்தான்," என்றார் கமலாவதி, எல்லாரும் கேட்க. "கள்ளி. வேலிக்கு அங்காலை எறிஞ்சிருப்பாள்."

லூர்த்தம்மா அழவில்லை. தான் எடுக்கவில்லை என்று ஒரே ஒருமுறை சொன்னார். பிறகு குசினி வாசலிலே நின்றார்.

கனகலிங்கம் பொலிசுக்கு ஆளனுப்பினார். சப் இன்ஸ்பெக்டர் செபநாயகம் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். அவர் குருநகர்க் கத்தோலிக்கர் என்று அறிந்ததும் கனகலிங்கத்தின் முகம் சுருங்கியது.

"லூர்த்தம்மாவும் உங்கடை கோயில் ஆள்தான், இன்ஸ்பெக்டர்," என்றார்.

"ஓம். ஞாயிறு பூசையிலை கண்டிருக்கிறன்," என்று சொல்லிவிட்டுச் செபநாயகம் கூடத்தைப் பார்வையிடத் தொடங்கினார்.

பார்க்கத்தக்க கூடம் அது. கமலாவதியின் தேநீர் விருந்துகளுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. சாமான் கொஞ்சம், ஒவ்வொன்றும் தேர்ந்து வாங்கியது. விரல் நிழல் தெரியுமளவு மெல்லிய சப்பான் கோப்பைகள், பிரம்புக் கதிரைகள், சீனிப்பணியாரமும் கேக்கும் வைத்த கண்ணாடித் தட்டுகள். யன்னலோர மேசையில் சாம்பல் நிறப் பட்டு விரிப்பு. அதன்மேல் உயரமான நீலப் பீங்கான் பூச்சாடி, நிறைய ரோசாப்பூ. தன் கண்ணாடிச் சாடி முதல்நாள் வெடித்துவிட்டதால் அதைப் பாலேஸ்வரியிடம் இரவல் வாங்கியதாகக் கமலாவதி சொன்னார். வீட்டு ரோசாவுக்குக் காம்பு குட்டை. அதனால் பூ வாடாதிருக்க விளிம்புவரை தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்ததாம்.

"விரிப்பு நனைஞ்சிருக்கு," என்றார் செபநாயகம்.

சாடியின் அடியைச் சுற்றிப் பட்டில் ஒரு கரும் வளையம் படிந்திருந்தது. கமலாவதி அப்போதுதான் அதைக் கண்டார். காப்பு போன கவலைக்கிடையிலும் பட்டு பழுதானது அவருக்குத் தாங்கவில்லை. விருந்தினர் வருமுன் கையால் தடவிப் பார்த்ததாகவும் ஒரு சொட்டு ஈரமும் இருக்கவில்லை என்றும், இதுவும் லூர்த்தம்மா தட்டத்தோடு போகும்போது சிந்தியதுதான் என்றும் சொன்னார்.

செபநாயகம் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்தார். பராசக்தி பாடிய கீர்த்தனையின் ராகத்தைத் தவிர வாத்தியார் வேறொன்றும் கவனிக்கவில்லை. பராசக்தி சுவரைப் பார்த்தபடி பாடியதால் பின்னால் நடந்தது தெரியாது. பாலேஸ்வரி பாட்டில் லயித்திருந்ததாகச் சொன்னார். லூர்த்தம்மாவிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"தேத்தண்ணி எப்ப ஊத்தினனீங்கள்?"

"ஊத்தவே இல்லை, ஐயா. கேத்தில் இன்னும் அடுப்பிலைதான்."

இருட்டத் தொடங்கியது. லூர்த்தம்மாவைப் பொலிஸ் ஸ்ரேசனுக்குக் கொண்டுபோகும்படி கனகலிங்கம் வற்புறுத்தினார். செபநாயகம் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, இனி எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்றார். வாத்தியார் குடையைத் தேடினார். பாலேஸ்வரி எழுந்து பூச்சாடியை இரு கைகளாலும் அணைத்துத் தூக்கினார்.

"நாளைக்குப் பூசைக்கு வேணும், கமலா. கையோடை கொண்டு போறன்."

"பொறுங்கோ பாலேஸக்கா, கழுவித் தாறன்."

"வேண்டாம், வேண்டாம். பூவோடையே இருக்கட்டும். தண்ணியை நான் வீட்டிலை ஊத்துறன்."

"அம்மா, அதை வையுங்கோ," என்றார் செபநாயகம்.

பாலேஸ்வரி வைக்கவில்லை. செபநாயகம் கிட்டப் போய்ச் சாடியை மெல்ல வாங்கி மேசையில் வைத்தார். ரோசாக்களை எடுத்துவிட்டு உள்ளே கையை விடும்படி கமலாவதியிடம் சொன்னார். கமலாவதியின் கை முழங்கைவரை இறங்கியது. வெளியே வந்தபோது விரல்களில் காப்பு தொங்கியது.

கனகலிங்கம்தான் முதலில் பேசினார். சாடி கழுவுவது லூர்த்தம்மா. நாளை காலையில் எடுக்கலாமென்று அவளே போட்டிருக்கலாமே என்றார்.

"போட்டிருக்கலாம்," என்று செபநாயகம் ஒப்புக்கொண்டார். "அதாலைதான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

பிறகு விளக்கினார். லூர்த்தம்மா கொண்டுபோனது வெறும் கோப்பை. அவரிடம் சிந்துவதற்கு ஒன்றுமில்லை. வளையமும் சாடியைச் சுற்றியே இருந்தது. விளிம்புவரை நிறைந்த சாடிக்குள் பாரமான ஏதோ விழுந்திருக்கிறது. வழிந்த தண்ணீர் பட்டில் ஊறியிருக்கிறது. போட்டது யார் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை; அதனால்தான் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, சாடியை யார் தொடுகிறார் என்று பார்த்திருந்தார். அந்தச் சாடியைச் சந்தேகமின்றி வெளியே கொண்டுபோகக்கூடியவர் அதன் சொந்தக்காரர் ஒருவரே.

"இரவல் குடுத்த சாமான் கழுவித் துடைச்சு வரவேணும் எண்டுதான் ஆரும் நினைப்பினம். நிறைஞ்ச சாடியைத் தண்ணியோடை சுமக்க ஆசைப்பட்டது நீங்கள் ஒராள்தான்," என்றார்.

பாலேஸ்வரி கதிரையில் இருந்தார். முகத்தை மூடவில்லை. பராசக்தியை மட்டும் பார்த்தார்.

"அது என்ரை அம்மான்ரை கை காப்பு. எனக்குத்தான் எண்டு சின்ன வயசிலையிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்தவ. கடைசியிலை மருமகளுக்குப் போட்டா. இண்டைக்கு மேசையிலை அது தனியக் கிடந்தது."

பராசக்தி கமலாவதியிடமிருந்து காப்பை வாங்கித் துடைத்தார். பிறகு வழக்கு வேண்டாம் என்றார். காப்பைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டார், கையில் போடவில்லை. செபநாயகம் வற்புறுத்தவில்லை. குசினி வாசலைக் காட்டி, "அந்த அம்மாவுக்கு ஆரும் ஏதும் சொல்லவேணுமெண்டால் சொல்லுங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

கமலாவதி குசினிக்குப் போய், தான் பிழையாக நினைத்துவிட்டதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். லூர்த்தம்மா அதை ஏற்கவில்லை.

"எல்லாருக்கும் முன்னாலை கள்ளி எண்டனீங்கள், அம்மா. இல்லையெண்டதையும் எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ."

கனகலிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. வேலைக்காரிக்காக எல்லாரையும் மறுபடி கூப்பிட்டு விருந்தா என்று கேட்டார். கமலாவதி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அழைப்புச் சொல்லி அனுப்பினார். அடுத்த ஞாயிறு பராசக்தியும் வாத்தியாரும் வந்தார்கள். பாலேஸ்வரி வரவில்லை. கனகலிங்கம் கோவிலுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

லூர்த்தம்மா வெள்ளைச் சேலையில் முன்வாசலால் வந்தார். கமலாவதி பிரம்புக் கதிரையைக் காட்டினார். இருத்திவிட்டு, நின்றபடியே சொன்னார்: லூர்த்தம்மா களவெடுக்கவில்லை, தான்தான் விசாரியாமல் பழி சொன்னது. பிறகு தானே தேநீர் ஊற்றி, சப்பான் கோப்பையை அவர் கையில் கொடுத்தார்.

லூர்த்தம்மா ஆறுதலாகக் குடித்து முடித்தார். நாளைக்கு வேலைக்கு வருவாயா என்று கமலாவதி கேட்டார்.

"இல்லை அம்மா. கொழும்புத்துறையிலை ஒரு வீட்டிலை கேட்டிருக்கினம். போறன்."

எல்லாரும் போனபின், கமலாவதி கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றடிக்கு எடுத்துச் சென்று தானே கழுவினார்.