நான்காவது ரொட்டி

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அப்பா கை கழுவ ஆரம்பித்தார். முழங்கை வரை சோப்புப் போட்டார். நக இடுக்கில் பிரஷ் வைத்துத் தேய்த்தார்.

"கையா, பாத்திரமா?" என்று கேட்டாள் என் தங்கை. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர்.

அப்பா சிரிக்கவில்லை.

அவர் ரொட்டி போடுகிறவர். கீழே எங்கள் பேக்கரி. மேலே வீடு. அவர் போட்ட ரொட்டியைத் தின்றுதான் நான் வளர்ந்தேன். சரியாக வளரவில்லை என்பதுதான் பிரச்சினை. வயிறு உப்பும். கை கால் குச்சியாக இருக்கும். டாக்டர் ரத்தம் எடுத்துச் சோதித்தார். வாய் வழியே குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார். பிறகு சொன்னார். சீலியாக் நோய். கோதுமை என் குடலைப் புண்ணாக்குகிறது. மைதாவும் கோதுமைதான். இனி எப்போதும் ஒரு துணுக்குக்கூட ஆகாது.

அன்றிலிருந்து அப்பா என்னைத் தொடுவதில்லை. குளித்துவிட்டு வந்தாலும் தள்ளியே நிற்பார். ஒருநாள் அம்மாவிடம் அவர் பேசியது எனக்குக் கேட்டது.

"பத்து வருஷமா என் கையாலயே அவனுக்கு ஊட்டியிருக்கேன்."

"தெரியாமதானே ஊட்டினீங்க?"

"தெரியாம ஊட்டினா வயிறு சும்மா விட்டுச்சா?"

அதற்குப் பிறகு அரிசி மாவில் ரொட்டி செய்து பார்த்தார். கடையில் அல்ல, மாடிச் சமையலறையில். அம்மா கோதுமையை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. முதல் ரொட்டி செங்கல். இரண்டாவது பசை. மூன்றாவதை வாயாடி எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். அப்பா அதைப் பார்த்துவிட்டுக் கீழே போனார்.

இது நான்காவது.

"இதுவும் வரலைன்னா விட்டுடறேன்" என்று காலையில் அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

நான் சமையலறை வாசலில் நின்றேன். அரிசி மாவு, முட்டை, ஈஸ்ட். புதுப் பாத்திரம், புதுக் கரண்டி. பிசையப் போனவர் நின்றார். ஏதோ குறைவதுபோல இடுப்பைத் தடவினார். வெளியே மாடிப்படிக்குப் போனார்.

கடைத் துணியெல்லாம் படியில் உள்ள ஆணியில்தான் தொங்கும். அங்கிருந்து ஏப்ரனை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டே வந்தார். அது இல்லாமல் அவர் ஒருநாளும் மாவு பிசைந்ததில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கையையும் அதில் தட்டினார். வெள்ளையாக மைதாத் தூசி எழுந்தது. கை மாவுக்குள் போய்விட்டது.

அப்பா விசிலடித்தார். அவர் விசிலடித்துப் பல வாரம் ஆகியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ரொட்டி பொங்கி வந்தது. வெட்டினால் உள்ளே பஞ்சு.

"வந்துருச்சுடா! வா, ஓரத்துத் துண்டு உனக்குத்தான்."

அவரே கையில் எடுத்து நீட்டினார். அவ்வளவு பக்கத்தில் அவர் வந்து எத்தனையோ நாள் ஆயிற்று.

சூடான வாசனை. எச்சில் ஊறியது. தின்றால் இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அரிசி ரொட்டியும் எனக்கு ஆகவில்லை என்று அப்பா நினைத்துக்கொள்வார். அதோடு விட்டுவிடுவார்.

"எனக்கு வேணாம்ப்பா."

"ஏன்டா? பசிக்கலையா?"

"உங்க இடுப்பைப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். துண்டைத் தட்டில் வைத்தார். அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் கை உருப்படாதுடா."

ரொட்டி வாசனைக்கு அம்மாவும் வாயாடியும் வந்து நின்றிருந்தார்கள். வாயாடிக்குத்தான் பொறுக்கவில்லை.

"அண்ணனுக்கு ஆகாதுன்னா எனக்குக் குடுங்க."

நான் தட்டை அவள் பக்கம் தள்ளினேன். "படியில உக்காந்து தின்னு. எப்படி இருக்குன்னு பொய் சொல்லாம சொல்லணும்."

போனாள். மெல்லும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. வாயாடி இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே இல்லை.

"என்னடி ஆச்சு?"

"இருண்ணா. இன்னொரு துண்டு தின்னுட்டுச் சொல்றேன்."

அப்பா நிமிரவில்லை. கைகளை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா பாத்திரத்தையும் கரண்டியையும் கழுவிவிட்டு, துணியை நனைத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

நான் அப்பாவுக்கு எதிரே, ஏப்ரன் படாத தூரத்தில் உட்கார்ந்தேன்.

"ரொட்டி சரியாத்தான் வந்திருக்குப்பா. ஏப்ரன்தான் தப்பு."

அவர் ஏப்ரன் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"அதைப் படியில போட்டுட்டுக் குளிச்சிட்டு வாங்க. பையில இன்னும் ஒரு ரொட்டிக்கு அரிசி மாவு இருக்கு. இந்தத் தடவை நான் பக்கத்துலயே நிக்கறேன். செய்றீங்களாப்பா?"