படைக்காத சேலை

2015 டிசம்பர். பேய் மழை. ஏரி நிரம்பிவிட்டது, மேட்டுப்பக்கம் போய்விடுங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னதும், நானும் என் வீட்டுக்காரர் நெல்லையப்பனும் பிள்ளைப்பாக்கத்திலிருந்து பைக்கில் கிளம்பினோம். வடக்குப்பட்டு தாண்டுவதற்குள் ரோட்டின் மேலேயே தண்ணீர் ஓடியது. திரும்பிப் போகவும் வழியில்லை.

"அந்த சர்ச் கதவத் திறந்து விட்டிருக்காங்க. கார்க்காரங்க, கம்பெனி பஸ்ல வந்தவங்க எல்லாம் அங்கதான் ஒதுங்கியிருக்காங்க" என்றார்.

எட்டிப் பார்த்தேன். வாசலில் அவர் கம்பெனியில் அவரோடு ஒரே லைனில் வேலை செய்யும் ஹாஸ்டல் பெண்கள் நின்று, அவரைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

"உன்னப் பாத்து பல்லக் காட்டிகினு நிக்குதுங்களே, அதுங்க கூடயா? வேணாய்யா. அதோ, அந்த வூட்டுக்குப் போலாம்."

மனை விற்கிறவர்கள் மாதிரிக்குக் கட்டிப்போட்ட வீடு அது. கதவில் பூட்டில்லை, உள்ளே ஆளில்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஏற்கெனவே அவரை ஒருத்தியோடு பங்கு போட்டுக்கொண்டிருக்கிறேன், அதுவும் செத்துப்போனவளோடு. தங்கமாரி, அவருடைய முதல் சம்சாரம், அவர் ஊர் தெற்கத்திக்காரி, சொந்த மாமன் மகள். அவள் படத்துக்கு மரிக்கொழுந்து சாத்திப் படைக்காமல் எனக்கு ஒரு புதுச் சேலை கிடையாது. மூத்தாள் கட்டிப் பார்த்த பிறகுதான் இளையாள் கட்ட வேண்டுமாம்!

தொப்பலாக நனைந்திருந்தோம். பையில் நனையாமல் இருந்தது, என் தம்பி கல்யாணத்துக்கு எடுத்த நீலச் சேலை ஒன்றுதான்.

"அது படைக்காத சேலை, செந்தாமரை. கட்டாத."

"உசுரோட கீறவ குளுர்ல நடுங்குறேன். செத்தவளுக்கு இன்னா அவசரம்?"

அவர் முகம் சுண்டிப்போனது. நான் சேலையை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனேன். பகலிலேயே கும்மிருட்டு. சிமெண்ட் வாடை. கட்ட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அந்த வாடை போய், மரிக்கொழுந்து மணத்தது.

அந்த வெள்ளத்தில் மரிக்கொழுந்து ஏது?

கொசுவத்தைச் செருகும்போது, காலடியில் யாரோ உட்கார்ந்து மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவி விடுவது தெரிந்தது. தாஜா பண்ண வந்துவிட்டார் என்று நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவர் இதைச் செய்ததே இல்லை. மனசு இளகிவிட்டது.

"இப்பவாவது தோணிச்சே உனக்கு" என்றேன்.

"கட்டியாச்சா, செந்தாமரை? வண்டியை உள்ள ஏத்தட்டுமா?"

அவர் குரல் வாசலில் இருந்து வந்தது.

காலடியில் அந்தக் கை நிற்கவில்லை.

நீவிக்கொண்டே இருந்தது.

விழுந்தடித்து வாசலுக்கு ஓடினேன். பைக் விளக்கு வெளிச்சத்தில் அவர் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வைக்குத்தான் நான் இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தேன். அவர் கண் கலங்கியது.

"ஏட்டி, இவ்ளோ நாளா எங்க போயிருந்த?"

நான் பிள்ளைப்பாக்கத்துக்காரி. அவரை எப்போதும் 'யோவ்' என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் என்னைக் கேட்காமலே என் வாய் திறந்தது.

"இங்கனதான் இருந்தேன், அத்தான்."

அன்றிலிருந்து அவர் என் மேல் உயிரையே விடுகிறார். என் உடம்புக்குள்ளேயே ஒரு மூலையில் கிடந்து அதைப் பார்க்கப் பார்க்க, எனக்கு வயிறு எரிகிறது.