இடது விளக்கு

மத்தியானம் மூன்று மணி. ஆய்வுக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் தம்பி இருமினான். பேராசிரியையின் கையிலிருந்த பேனா நின்றது. அந்தச் சுவருக்கு அப்பால் அறையே கிடையாது. நான்காவது மாடி, வெறும் வெளிதான். அவள் தம்பி இறந்தே இன்றோடு இருபது நாள்.

"உங்களுக்குக் கேட்டுதா?"

"ஒண்ணும் கேக்கலியே மேடம். வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்க," என்ற டெக்னீஷியன் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கருவிகளின் முனகல், சூடேறிய வயரின் வாடை, அதற்கடியில் மெல்லியதாய் ஒரு தைலம், அவன் நெஞ்சில் தடவிக்கொள்ளும் அதே தைலம். இறந்த அன்று மூச்சிரைக்கப் போனில் கேட்டான்: "இன்ஹேலர் தீந்துடுச்சுக்கா. வாங்கிட்டு வர்றியா?" இவளோ கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இருந்தாள். எல்லையில்லாத அண்டத்தில் எங்கோ தொலைவில் நம்மைப் போலவே வாழ்பவரும், ஒரு துகள் இப்படியா அப்படியா என்று திரும்பும் ஒவ்வொரு குவாண்டம் தேர்விலும் இங்கேயே நம்மிடமிருந்து கிளை பிரிபவரும் வேறுவேறு ஆள் இல்லை என்ற கட்டுரை. தூரமென்பதே பேச்சுக்குத்தான் என்று முடித்திருந்தாள்.

அதனால் முடிவை, ஒளித்துகள் திரும்பும் பக்கத்து விளக்கை எரியவிடும் கருவியிடம் விட்டாள். இடது விளக்கு எரிந்தால் போவது, வலது எரிந்தால் இருப்பது. இங்கே வலது எரிந்தாலும், இடது எரிந்த உலகத்தில் இன்னொரு அவள் போயிருப்பாள், தம்பி பிழைத்திருப்பான், பாவமில்லை. என்ன சாமர்த்தியம்! சாயங்காலம் போனபோது அவன் உடம்பு சில்லிட்டிருந்தது.

வலதுதான் எரிந்தது என்று சொல்லிச் சொல்லியே இருபது நாளை ஓட்டிவிட்டாள். ஊரை ஏமாற்றலாம், நெஞ்சை ஏமாற்ற முடியுமா? முதலில் எரிந்தது இடது. போகச் சொன்ன உலகம் இதுதான். அவள்தான் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினாள்.

மறுபடி இருமல். பக்கத்தில்.

"மெதுவா இழுடா. அக்கா வந்துட்டேன்ல."

அவளுடைய குரல். அவள் வாயே திறக்கவில்லை.

சுவரில் காதை வைத்தாள். சுவரிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால். திரும்பினாள்.

அவளுடைய நாற்காலியில் தம்பி. வியர்த்த முகம். உயிருள்ள முகம். அவன் முன்னால் மண்டியிட்டு, இன்ஹேலரைப் பிடித்தபடி, அவளே.

"மன்னிச்சுடுடா," என்றாள். சத்தம் வெளியே வரவில்லை.

அவன் தலையைத் தூக்கினான். "அங்க யாராவது நிக்கிறாங்களாக்கா?"

மண்டியிட்டிருந்தவள் திரும்பி இவள் கண்ணையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"யாருமில்லடா. நீ மூச்சை இழு."