பதில் வந்தால் பூட்டாதே

"உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று ஆயாம்மா வாசலில் நின்று கேட்டாள்.

"யாரும் இல்ல" என்று பதில் வந்தது.

அவள் கதவைச் சாத்தி, பூட்டைத் தொங்கவிட்டு, சாவியைத் திருப்பி, மெயின் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். கம்ப்யூட்டர் வரிசையில் பாதி தூரம் வந்த பிறகுதான் கால் நின்றது. ஏன் நின்றோம் என்பது தலைக்கு எட்ட இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

யாரும் இல்லை என்று சொன்னது யார்?

பள்ளிக்கூடத்து மாடியில், கம்ப்யூட்டர் அறையைத் தாண்டி உள்ளே இருந்தது அந்த டிவி ஸ்டுடியோ. பிள்ளைகள் செய்தி வாசித்துப் பழகும் இடம். ஜன்னல் கிடையாது. சுவரிலும் கதவின் உள்பக்கத்திலும் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருந்ததால், உள்ளே உயிர் போகிற மாதிரிக் கத்தினாலும் வெளியே ஒரு முனகல்கூட வராது. ஏசியை நிறுத்திவிட்டால் காற்றும் அவ்வளவுதான். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், உள்பக்கப் பிடி எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. போன வருஷம் பாட்டு டீச்சர் உள்ளே மாட்டிக்கொண்டார். மயங்கிக் கிடந்தவரைத் துணிமூட்டை போலத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகுதான் ஸ்டுடியோவைப் பார்த்துக்கொள்ளும் கேமரா சார், கதவில் சிவப்புப் பெயிண்டால் எழுதிவைத்தார்: பூட்டும் முன் கூப்பிடு. பதில் வந்தால் பூட்டாதே.

அதுவும் போதாதென்று, உள்ளே வாசலைப் பார்த்த மாதிரி இருட்டிலும் படம் பிடிக்கும் ஒரு கேமராவைப் பேட்டரியில் ஓடவிட்டு, கம்ப்யூட்டர் அறையின் கடைசித் திரையில் அதன் படம் எந்நேரமும் தெரியும்படி செய்திருந்தார். சத்தம் வராது, படம் வரும். சந்தேகம் வந்தால் கதவில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், உள்ளே தட்டினால் அதிரும் என்றும் சொல்லியிருந்தார். ஆயாம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாளே தவிர, கழிவறை கழுவும் ஆசிட்டில் ஊறி ஊறித் தன் உள்ளங்கை மரத்துப்போய் வருஷக்கணக்காகிறது என்பதை அவரிடம் சொல்லவில்லை. மகன் இறந்த பிறகு கை மட்டும்தான் மரத்தது என்றும் சொல்ல முடியாது.

திரும்பிப் போய் உள்ளங்கையைக் கதவில் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கைக்கு எதுதான் தெரிந்தது? கடைசித் திரையைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் மேசை, நாற்காலி, வாசல், ஓரத்தில் தரைவரை தொங்கும் பச்சைத் துணியின் விளிம்பு. துணிக்குப் பின்னால் இருப்பது படத்தில் வராது.

மருமகளாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவளும் இதே பள்ளியில் கூட்டிப் பெருக்குகிறவள்தான். புருஷன் செத்ததும் பிறந்த வீட்டுக்குக் கிளம்பு என்று எல்லோரும் சொன்னபோது, நான் போய்ட்டா இவங்களை அத்தைன்னு கூப்பிட யாரு இருக்கா என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனவள். பேச்சுக்குப் பேச்சு அத்தை போடாமல் அவளுக்கு வாய் மூடாது. போன வாரம் அந்தப் பச்சைத் துணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும் இல்ல அத்தை" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்து மாட்டிக்கொண்டாள்.

இன்றைக்கு வந்தது அதே குரல். அத்தை மட்டும் இல்லை.

ஆயாம்மா கம்ப்யூட்டர் அறை ஜன்னலுக்குப் போனாள். விடுமுறைக் காலத்து மைதானம் சாயங்கால வெயிலில் காலியாகக் கிடந்தது. கீழே குழாயடியில், பக்கெட் நிரம்புவதைப் பார்த்தபடி மருமகள் குந்தியிருந்தாள்.

அண்ணாந்து பார்த்தவள், "என்ன அத்தை, பேய் மாதிரி நிக்கிறீங்க? தண்ணி நூல் மாதிரி வருது, நான் என்ன பண்ண?" என்றாள்.

சோப்பு வாசனையோடு அவள் மேலே வந்ததும் ஆயாம்மா நடந்ததைச் சொன்னாள். மருமகள் முதலில் சிரித்தாள். அப்புறம் பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

"ஏதாவது புள்ள ஒளிஞ்சிருந்தா? மூச்சு முட்டிடும் அத்தை. தெறங்க."

"நான் போறேன். நீ கதவப் பிடி."

"இருட்டுல நீங்க போய் விழுந்து வச்சா யாரு தூக்கறது? நில்லுங்க அத்தை."

ஸ்டுடியோவின் மெயின் சுவிட்சைத் தூக்கியும் ஒரே ஒரு விளக்குதான் எரிந்தது. மற்ற விளக்குகளைக் கழற்றி கேமரா சார் தன் பெட்டிக்குள் வைத்திருந்தார். ஆயாம்மா பூட்டைத் திறந்து, இடுப்பைக் கொடுத்துக் கதவைத் தாங்கிக்கொண்டாள். உள்ளேயிருந்து சூடான பஞ்சின் வாடையும், அதற்கடியில் பல பேர் விட்ட மூச்சு வெளியே போக வழியில்லாமல் கிடந்து ஊசிப்போன மாதிரி இன்னொரு வாடையும் வந்தன. மருமகள் நாலு எட்டு வைப்பதற்குள் செருப்புச் சத்தத்தைச் சுவர் விழுங்கிவிட்டது. கொலுசுச் சத்தத்தையும் விழுங்கியது. பச்சைத் துணியை ஒதுக்கிக்கொண்டு அவள் பின்னால் போனாள்.

துணி ஆடியது.

நின்றது.

ஆயாம்மா காத்திருந்தாள். முழுகினவர் தலை எழும்புகிறதா என்று குளத்தைப் பார்ப்பதுபோல அந்தத் துணியையே பார்த்தாள். உள்ளே ஓடிப் பார்க்கலாம். ஓடினால் கதவு சாத்திக்கொள்ளும். இரண்டு பேரும் உள்ளே. சாவி வெளியே.

"இருக்கியா?"

சத்தம் இல்லை.

"ஏம்மா, உள்ள இருக்கியா?"

"யாரும் இல்ல."

துணி விலகியது. மருமகள் வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சிரித்த முகம். ஆயாம்மாவை உரசிக்கொண்டு வெளியே போனாள். சோப்பு வாசனை இல்லை. சூடான பஞ்சு வாடை.

"பூட்டுங்க."

கை பூட்டியது. இத்தனை வருஷம் பூட்டிய கை, அதற்கு யோசனை தேவைப்படவில்லை. சுவிட்சையும் அதுவே தள்ளியது.

"சாவியக் குடுங்க. நான் வச்சிக்கறேன்."

கை சாவியைக் கொடுத்தது.

நடந்தார்கள். பக்கெட் கதவோரமே இருந்தது. அவள் அதைத் தூக்கவில்லை. கம்ப்யூட்டர்கள் மூடிய துணிகளுக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கொலுசு சத்தம் போடவில்லை. இங்கே சுவரில் பஞ்சு இல்லை. இங்கே கேட்க வேண்டும்.

கடைசித் திரைக்கு முன்னால் ஆயாம்மாவின் கால் மறுபடி நின்றது.

சாம்பல் நிறத்தில் மேசை. நாற்காலி. வாசல். வாசலில் யாரோ. இரண்டு உள்ளங்கையாலும் கதவை அடித்துக்கொண்டு. அடிப்பது தெரிந்தது. கேட்கவில்லை. அடித்து ஓய்ந்து அந்த உருவம் கேமராவின் பக்கம் திரும்பியது. படம் வரும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. வாய் திறந்தது. நாக்கு மேல்பல்லைத் தொட்டது. உதடு அகன்றது. மூடியது. திரும்பத் திறந்தது. அதே சொல். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்கூடப் படித்துவிடக்கூடிய சொல்.

அத்தை.

அத்தை.

பக்கத்தில் நின்றவள் கையை நீட்டி, தூங்குகிற குழந்தைக்குப் போர்த்திவிடுவதுபோல மெதுவாக, திரையை அணைத்தாள்.

"வாங்க. யாரும் இல்ல."

ஆயாம்மாவின் கையை அவள் பிடித்துக்கொண்டாள். அது சூடா, குளிரா, கைதானா என்று அந்த உள்ளங்கைக்குத் தெரியவில்லை.