கொள்ளுப்பையில் பெருங்காயம்

1976, பிப்ரவரி 7, சனிக்கிழமை. காலை 6.10. செங்கல்பட்டு ஜட்கா லாயத்தில் தாண்டவராயனின் குதிரை ராணி செத்துக் கிடந்தது. மறுநாள் கருங்குழிப் பந்தயத்தில் ஓட வேண்டிய குதிரை.

7.00. சப்-இன்ஸ்பெக்டர் அருணகிரி கொள்ளுப்பையை மோந்து பார்த்தார். அடியில் மிஞ்சியிருந்த கொள்ளில் பெருங்காய வாசனை தூக்கலாக அடித்தது. குதிரைகளின் வயிற்று உப்புசத்துக்குப் பெருங்காயமும் ஓமமும் சேர்த்து உருண்டை கொடுப்பவள் அந்த வட்டாரத்தில் ஒருத்திதான். சின்னப்பொண்ணு.

"அவள ஜீப்புல ஏத்துய்யா!"

"பொறுங்க சார்." கால்நடை டாக்டர் சகுந்தலா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "வயித்தத் திறந்து பாக்காம யாரையும் ஏத்த விடமாட்டேன்."

8.40. இரைப்பையில் கொள்ளோடு இடிபட்ட ஊமத்தை விதைகள். கொள்ளுப்பையிலும் அதே விதைகள். சகுந்தலா கை கழுவிவிட்டு வந்து மூன்று பேரை விசாரித்தாள்.

தாண்டவராயனுக்கு அழுது முகம் வீங்கியிருந்தது. "ரோட்டுப் புழுதில ஓடி ஓடி ஒரே இருமலும்மா. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு சின்னப்பொண்ணு மருந்த மாத்திக் குடுத்தா, காலைக்குன்னு ஒரு உருண்டையும் குடுத்துட்டுப் போனா. செத்துப்பூடுச்சு. அவள அடிக்கக் கைய ஓங்கிட்டேன்."

"காலைக்குன்னு குடுத்த உருண்டை இருக்கா?"

காகிதத்தில் மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தான்.

அடுத்து, லாயத்தில் தீனி வைக்கும் ஏசுபாதம்.

"கொள்ளு எப்ப வச்சே?"

"நேத்து ராத்திரி ஏழு மணிக்குப் பையில போட்டு ஆணில மாட்டுனேன். வூட்டுக்குப் போய்ட்டு எட்டுக்கு வந்துதான் குதிர வாயில கட்டுனேன்."

"சின்னப்பொண்ணு மருந்து குடுத்தப்போ இருந்தியா?"

"திப்பிலி இடிச்சிக் குடுத்ததே நான்தாம்மா."

கடைசியாகக் கங்காதரன். அதே லாயத்தில் வண்டி கட்டுபவன். அவன் குதிரைக்கும் மறுநாள் பந்தயம்.

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"திருக்கழுக்குன்றம் சவாரி. ஏழு தாண்டித்தான் வந்தேன். இதுல விசாரிக்க இன்னா கீது டாக்டரம்மா? அந்தம்மா எப்பவும் பெருங்காயம் போட்டுத்தான் உருட்டும். பையிலயும் அதே வாசன."

10.15. சகுந்தலா காகிதத்தைப் பிரித்து அருணகிரியிடம் நீட்டினாள். "மோந்து பாருங்க சார்."

அவர் இரண்டு முறை மோந்தார். "பெருங்காயமே இல்லையே!"

"இது மூச்சுக்குக் குடுத்த மருந்து. ஆடாதோடை, திப்பிலி, பனைவெல்லம், அவ்வளவுதான். அப்ப கொள்ளுல பெருங்காயம் எப்படி வந்தது? சின்னப்பொண்ணு மேல பழி விழட்டும்னு யாரோ ஊமத்தையோட சேர்த்துப் போட்டிருக்காங்க. மருந்து மாறினது தாண்டவராயனுக்குத் தெரியும், ஏசுபாதத்துக்கும் தெரியும். ஆறு மணிக்கு இங்க இல்லாதவருக்குத்தான் தெரியாது. ஏழுக்கு மேல பை ஆணில தொங்கினப்போ வந்தவரும் அவர்தான். கங்காதரன், நீங்கதான்."

கங்காதரன் சுவரில் சாய்ந்தான்.

"சாவும்னு நெனக்கலம்மா... நாளைக்கு ஓடாம நின்னா போதும்னுதான்..."

தாண்டவராயன் அவன்மீது பாய்ந்தான். இரண்டு கான்ஸ்டபிள்கள் இழுத்துப் பிடித்தார்கள்.

ஜீப் கங்காதரனை ஏற்றிக்கொண்டு போன பிறகு, தாண்டவராயன் சின்னப்பொண்ணுவின் முன்னால் தலை குனிந்து நின்றான்.

"தப்பாப் பேசிட்டேன்..."

"அத அப்பறம் பேசிக்கலாம் நைனா. வெயில் ஏறுது. குதிரையப் பொதைக்க ஆளக் கூப்புடு."

சொல்லிவிட்டு அவளே மண்வெட்டியை எடுத்தாள்.