நீச்சல் டீச்சருக்கு எத்தனை ஸ்ட்ரிப்?

"மேடம்... நீங்க எவ்வளவு கத்தினாலும் அலமாரில சுகர் பாக்கற ஸ்ட்ரிப் தானா முளைக்காது."

அவ்வளவுதான். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

வெளியே மழை கொட்டித் தீர்த்துக் கொண்டிருந்தது. குடை இல்லாமல் ஓடி வந்தவள், நெற்றியில் ஒட்டிய முடியைக்கூட ஒதுக்காமல், மருந்துக் கடையின் கண்ணாடி மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றாள்.

"நான் ஒண்ணும் கத்தல. பேசறேன்."

"பேசறதே இப்படின்னா, கத்தினா கடைக்குக் கூரை மிஞ்சுமா மேடம்?"

பின்னால் நின்ற யாரோ 'களுக்' என்று சிரித்தார்கள். சண்டை போடுகிறவனுக்கு முகத்தில் கொஞ்சமாவது கடுகடுப்பு வேண்டாமா? இந்தக் கடைக்காரனோ மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவள் நீட்டிய மருந்துச் சீட்டை நிதானமாக மறுபடியும் படித்தான்.

"ஒரு நாளைக்கு ரெண்டு ஸ்ட்ரிப்னு எழுதியிருக்கு. இன்சூரன்ஸ்ல மாசத்துக்கு ஒரு பெட்டிதான். வாங்கிட்டுப் போயிட்டீங்க. அதுக்குள்ள தீர்ந்துடுச்சுன்னா நான் என்ன பண்ண?"

என்ன பண்ண என்றால்... அவளுக்குத் தெரிந்தால் இங்கே வந்து ஏன் நிற்கப் போகிறாள்?

பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே வந்து ஒட்டிக்கொண்ட சர்க்கரை நோய் அவளுக்கு. தினமும் இன்சுலின் ஊசி. வேலையோ, சின்னக் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுத் தருவது. ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டு, எத்தனை என்று பார்த்த பிறகுதான் தண்ணீரில் கால் வைக்கலாம். குளத்து மேனேஜர் போட்ட கட்டளை அது. போடாவிட்டாலும் அவள் அப்படித்தான் செய்வாள். சர்க்கரை இறங்கிக் கை கால் துவண்டால் முழுகுவது அவள் மட்டுமா? கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும் பிஞ்சுகள்? சீட்டு இருந்தால்தான் இன்சூரன்ஸ் பணம் கட்டும்; இல்லாமல் வெளியே வாங்கலாம்தான்... வாங்கினால் சம்பளம் மொத்தமும் அதற்கே சரியாகிவிடும்.

"டாக்டர்கிட்ட சொல்லி அதிகமா எழுதி வாங்கிட்டு வாங்க மேடம். என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னாள்.

"நீச்சலா! அப்போ ரெண்டு எப்படிப் போதும்? டாக்டருக்கு இது தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது. எனக்குச் சுகர்னு அவங்களுக்குத் தெரிஞ்சதும் பழைய வேலையில என்னைத் தண்ணியில இருந்து தூக்கி டிக்கெட் கிழிக்க உக்கார வெச்சாங்க. டாக்டரும் 'இனிமே இறங்காதே'ன்னு எழுதிட்டா? நீங்களும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

அவன் சீட்டைக் கீழே வைத்தான். முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்தக் கண்கள்... அடடா, இத்தனை நேரம் எங்கே ஒளிந்திருந்தன? மழையில் நனைந்து வந்தவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பது போல ஒரு பார்வை.

"சரி, சொல்லல," என்றான் மெதுவாக. "மாசக் கடைசிதானே... அடுத்த மாசத்துப் பெட்டியை இப்பவே தரேன். ஆனா அடுத்த மாசம் இழுபறியாகும். பாத்துச் செலவு பண்ணுங்க டீச்சர்."

டீச்சர்! அந்த ஒரு சொல்லில் அவள் நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது. உள்ளங்கை வியர்த்தது. விரல்கள் நடுங்கின. ஐயோ, சர்க்கரை இறங்குகிறது! அவசர அவசரமாகப் புதுப் பெட்டியைப் பிரித்து, அங்கேயே விரலைக் குத்திப் பார்த்தாள்.

நூற்றுப் பத்து. ஒரு குறையும் இல்லை.

'மெஷின் கோளாறோ?' என்று யோசித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தாள்.

அதற்கப்புறம் பாருங்கள்... அவளுக்குப் பஞ்சு தேவைப்பட்டது. மறுநாள் பிளாஸ்திரி. அப்புறம் தலைவலி மாத்திரை, வராத தலைவலிக்கு. ஒவ்வொரு தடவையும் கடைப் படியேறியதும் அதே படபடப்பு, அதே வியர்வை, அதே நடுக்கம். ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்ட்ரிப் காலி. ஒவ்வொரு தடவையும் சர்க்கரை சமர்த்தாகத்தான் இருந்தது.

"வீட்டுல இருக்கற பஞ்சுக்கு ரெண்டு தலையணை தைக்கலாம்," என்றாள் அண்ணி. "யாருடி அந்தக் கடைக்காரர்?"

"யாரோ ஒரு கண்ணாடி."

"கண்ணாடியா? அதான் மூஞ்சி இப்படிப் பளபளங்குதா?"

"அண்ணி!"

சிரிப்பும் கேலியுமாக நாள்கள் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன... அந்த ரெப் வந்து நிற்கும் வரை.

மருந்துக் கம்பெனியிலிருந்து சாம்பிளோடு கடை கடையாக வரும் பெண். நெடுநெடுவென்று உயரம். சக்கரம் வைத்த பெட்டி. மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அந்தப் பெண் ஏதோ சொல்ல, கடைக்காரன் சிரித்தான். பல் தெரிய, கண் சுருங்க, வாய் காது வரை போகச் சிரித்தான். தன்னிடம் ஒரு நாளாவது அப்படிச் சிரித்திருப்பானா? கூரை, அலமாரி என்று நக்கல் பண்ணத்தான் தெரியும்!

இவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ரெப் பெட்டியைத் திறந்து சின்னதாக எதையோ எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் அதை மேசைக்குக் கீழே பத்திரப்படுத்திவிட்டு, "நீங்க தெய்வம்," என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

தெய்வமாமே!

அன்றைக்கு அவள் ஒன்றும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து விரலைக் குத்திப் பார்த்தால், சர்க்கரை ஏணி வைத்து ஏறியிருந்தது.

"என்னடி சாப்பிட்ட?" பதறினாள் அண்ணி.

"ஒண்ணும் சாப்பிடல."

"பின்ன எப்படி இப்படி ஏறுச்சு?"

வயிறு எரிந்ததில் ஏறியது என்று எப்படிச் சொல்வது? அந்தச் சிரிப்பை அல்லவா முழுசாக விழுங்கிவிட்டு வந்திருந்தாள்!

இரண்டு நாள் வீம்பாக இருந்தாள். மூன்றாம் நாள் கால் தானாகக் கடைக்கு நடந்தது. அவளைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. மேசைக்குக் கீழே குனிந்து ஒரு குட்டிப் பெட்டியை எடுத்து நீட்டினான்.

"டீச்சர், இது உங்களுக்கு. சாம்பிள் ஸ்ட்ரிப். கம்பெனிக்காரங்ககிட்ட கெஞ்சி வாங்கினேன்."

கெஞ்சி! யாரிடம் கெஞ்சினான், எப்படிக் கெஞ்சினான் என்பதெல்லாம் அவள் கண் முன்னால் வந்து நின்றது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உங்க தெய்வம் குடுத்ததா?"

"என்ன?"

"எனக்கு ஓசி எதுவும் வேண்டாம். அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க. அந்தச் சாக்குல இன்னும் கொஞ்ச நேரம் சிரிச்சுப் பேசலாம்!"

விருட்டென்று திரும்பி நடந்தாள். "டீச்சர்... டீச்சர்..." என்ற குரல் தெருமுனை வரைக்கும் காதில் கேட்டது. திரும்புவாளா? மாட்டாளே.

வீம்புக்கு விலை உடனே கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வாரமே பெட்டி காலி. குளத்து மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சுகர் பாக்காம இறக்க முடியாதும்மா. இன்னிக்கு வேற ஆளை அனுப்பறேன். இப்படியே போச்சுன்னா நிரந்தரமா வேற ஆள்தான் போடணும்."

கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவளுடைய குழந்தைகள் வேறு ஒருத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காலை உதைத்தன. "மிஸ், நீங்க ஏன் வரல?" என்று தண்ணீருக்குள்ளிருந்தே கத்தின. அவள் கையை மட்டும் ஆட்டினாள். அந்த ஒருத்தியின் மேலும் பொறாமை... பாவம், அவள் என்ன செய்தாள்? நாலு முழத் தண்ணீருக்காக ஏங்கிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்க முடியாது. என்ன வந்தாலும் வரட்டும் என்று டாக்டரிடம் கிளம்பிவிட்டாள்.

டாக்டரம்மா அறை வாசலில் ஒரே ஒரு நாற்காலிதான் காலி. பக்கத்து நாற்காலியில்... சக்கரப் பெட்டியோடு அந்த ரெப்!

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள்.

"ரொம்ப நேரமாகும் போல," என்றாள் ரெப், கொட்டாவி விட்டபடி. "உள்ள ஒரு மருந்துக் கடைக்காரர் போயிருக்கார். யாருக்கோ ஸ்ட்ரிப் அதிகமா எழுதித் தரச் சொல்லி ஒத்தைக் கால்ல நிக்கறார்."

அவள் சட்டென்று ரெப் பக்கம் திரும்பினாள்.

"யாருக்காம்?"

"அதை ஏன் கேக்கறீங்க! யாரோ ஒரு நீச்சல் டீச்சராம். அவங்க வேலையைப் பத்தி டாக்டர்கிட்ட மூச்சு விட மாட்டாராம், சத்தியமாம். என்கிட்ட மட்டும் வாய் தவறி உளறிட்டார். அந்தம்மாவுக்காக என்கிட்ட சாம்பிள் கேட்டுக் கேட்டே என் பெட்டியைக் காலி பண்ணிட்டார். நானும் தினம் அவர் கடை வழியாத்தான் போறேன், வரேன்... அவர் சிரிக்கறதுக்காகவே ரெண்டு ஜோக் யோசிச்சு வெச்சுட்டுப் போறேன். ஆனா அந்த மனுஷன் வாயைத் திறந்தா டீச்சர், டீச்சர்தான்! அவங்க கோவப்பட்டா கண்ணு ரெண்டும் இவ்வளவு பெரிசாகுமாம்." ரெப் கையை விரித்துக் காட்டிப் பெருமூச்சு விட்டாள். "பொறாமையா இருக்குங்க. அப்படி என்னதான் இருக்கும் அவகிட்ட?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நம்புவீர்களோ மாட்டீர்களோ... அந்த நீச்சல் டீச்சர் மேல் ஒரு நொடி அவளுக்கே பொறாமையாக இருந்தது. கூடவே இந்த நெட்டைக்காரியின் மேல் இரக்கமும் வந்தது. அந்த எரிச்சல் எப்படிப்பட்டது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

எழுந்தாள். கூப்பிடும் வரை காத்திருக்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"...என்ன வேலைன்னு அவங்கதான் சொல்லணும் டாக்டர். ஆனா ரெண்டு நிச்சயமாப் போதாது," என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் விறைத்து எழுந்து நின்றான்.

"வக்கீலுக்குக் கட்சிக்காரங்க வந்தாச்சு போல," என்றார் டாக்டரம்மா. "உக்காரும்மா. என்ன வேலை பாக்கற?"

"நீச்சல் கத்துத் தரேன் டாக்டர்," என்றாள். "தண்ணியில இறங்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? பாக்காம இறங்கினாத்தான் திட்டுவேன். இதை முதல்லயே சொல்லியிருந்தா முதல்லயே எழுதியிருப்பேனே!" டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "காலையில ஒண்ணு, ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னாடி, முடிஞ்சதும், படுக்கப் போறப்ப... சரி. ஆனா ஒண்ணு இடிக்குது. இந்தக் கணக்கைத் தாண்டியும் போன பெட்டி தீர்ந்திருக்கே. மீதியெல்லாம் எங்கம்மா போச்சு? அது தெரியாம நான் எழுத முடியாது. நாளைக்கு இன்சூரன்ஸ்காரங்க என்னைக் கேப்பாங்க."

அவளுக்குக் காது மடல் சிவந்தது. பொய் சொல்லிவிடலாம்... கீழே விழுந்துவிட்டது, நனைந்துவிட்டது என்று ஏதாவது. ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து "மிஸ்" என்று கத்திய முகங்கள் நினைவுக்கு வந்தன. போதும் வீம்பு.

"படபடன்னு வரும் டாக்டர். கை நடுங்கும், வேர்க்கும். சுகர் இறங்கிடுச்சுன்னு பயந்து குத்திப் பாத்துடுவேன். பாத்தா சரியா இருக்கும்."

"எந்த நேரத்துல அப்படி வருது?"

"நேரம் இல்ல டாக்டர்... இடம்." கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "இவர் கடைக்குப் போறப்ப மட்டும்தான்."

ஒரு கண்ணை மெல்லத் திறந்து பார்த்தாள். அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான். அவன் விரல்களும் நடுங்கின!

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதி முடித்தார். "குளத்துக்கு வேண்டியது மொத்தமும் எழுதிட்டேன். மருந்துக் கடைக்கெல்லாம் என்னால எழுத முடியாதும்மா. அதை நீங்க ரெண்டு பேரும் வெளியில போய்ப் பேசிக்கங்க."

வெளியே ரெப் நிமிர்ந்து பார்த்தாள். அவனையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள்.

"நான்தான் அந்த டீச்சர்," என்றாள் அவள், தயங்கித் தயங்கி.

ரெப் பெட்டியை இழுத்துக்கொண்டு எழுந்தாள். "கண்ணு பெரிசுதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வாசலில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரிடமும் குடை இல்லை. இருவரும் மழையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என் மேல கோவமா டீச்சர்?"

"அவங்களைப் போய் தெய்வம்னு சொன்னீங்கல்ல... ரெண்டு நாள் தூங்கல நான்."

"ஐயோ, அது ஸ்ட்ரிப்புக்காக!"

"எதுக்காகவும் சொல்ல வேண்டாம். யாரையும்."

"சரி. உங்களை?"

அவள் கையை நீட்டி மழைத் துளியைப் பிடித்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எனக்கும்தான் நீங்க படியேறினா மாத்திரை எண்ணிக்கை தப்பும். சொல்லத் தைரியம் வரல. நான் யோசிச்சுப் பாத்தேன்... நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா, தினமும் காலையில எழுந்து என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தா, பழகிடும் டீச்சர். இந்தப் படபடப்பெல்லாம் போயிடும்."

மழைச் சாரல் அவள் முகத்தில் அடித்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெரிய கண்களை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

"தினமும் பாக்கறேன்," என்றாள். "ஆனா... அது போக வேண்டாம்."