காலி அரங்கில் எடுத்த அளவு

கோடு சீக்கிரமாகவே விழுந்துவிட்டது.

திரையரங்குக் கருவிகள் செய்யும் கம்பெனியின் உதவி மையத்தில் அவள் பதினோரு வருடமாகப் பார்த்துவரும் கோடு அது. எங்கோ ஓர் அரங்கில் ஒலிபெருக்கிகள் உஷ்ஷென்று இரைந்து சட்டென நிற்கும். அந்த இரைச்சலின் எதிரொலி எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்பதை நடு இருக்கையில் வைத்த மைக் கேட்டு, அவள் கணினியில் கோடாக வரையும். காலி அரங்கில் எதிரொலி வேலைவெட்டி இல்லாதவன் போலச் சுவருக்குச் சுவர் அலைந்துவிட்டுத்தான் அடங்கும். ஆட்கள் நிறைந்திருந்தால் உடம்புகளும் துணிமணிகளும் அதை விழுங்கிவிடும்; கோடு சீக்கிரமே விழும். ஆகவே காலி அரங்கில்தான் அளவெடுக்க வேண்டும் என்பது கம்பெனியின் முதல் விதி. இரண்டாவது விதி, போனில் பேசும்போது புன்னகைக்க வேண்டும் என்பது. போனில் புன்னகை எப்படித் தெரியும் என்று கேட்ட ஒருவருக்காக மேலாளர் இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்தார்.

இப்போது விழுந்தது, அரங்கு நிறைந்த கோடு. காலை பதினொன்றரை மணிக்கு.

“சார், ஹால்ல யாராவது இருக்காங்களா?”

“யாரும் இல்லீங்க மேடம். நானும் மேல புரொஜெக்டர் ரூம்லதான் இருக்கேன்.”

இந்த சார் அவளுடைய சொந்தத் தம்பி. பேச்செல்லாம் பதிவாவதால் இருவரும் இப்படி நாடகம் போடுவது வழக்கம். அந்த ஆபரேட்டர் வேலையை நாலு பேர் காலைப் பிடித்து வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். மூன்று மாதம் மூடிக்கிடந்த அரங்குக்கு இன்று மாலை திறப்பு விழா. சத்தம் சரியில்லையென்றால் தம்பிக்கு இன்றோடு வேலை இல்லை. சிறப்பு விருந்தினரின் திருமேனி அமர்வதற்குள் வேறெவனும் புது இருக்கைகளில் உட்கார்ந்துவிடக் கூடாது என்று, முதலாளி அவனை உள்ளே விட்டு, எல்லாக் கதவுகளையும் வெளியே பூட்டி, சாவிக்கொத்தோடு மாலை வாங்கப் போயிருந்தார். ஹாலிலிருந்து புரொஜெக்டர் அறைக்கு ஏறும் படிக்கட்டு மட்டும் திறந்திருந்தது.

மைக்கை மாற்றச் சொன்னாள். மாற்றிவிட்டு மேலே ஓடிவந்தான். அதே கோடு.

“மேடம், இன்னொண்ணு. புது சீட்டு வாசனைதானே அடிக்கணும்? வேர்வை நாத்தம் மேல வரைக்கும் வருது.”

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹால் மைக்கைத் திறந்தாள். ஏசியின் சன்னமான முனகல், அதற்கும் அடியில் துணியோடு துணி உரசுவது போல, நெருக்கி உட்கார்ந்தவர்கள் கால் மாற்றிப் போட்டுக்கொள்வது போல ஒரு சலசலப்பு, அதற்கும் அடியில், படம் தொடங்கப்போகிறது என்று விளக்கணைந்ததும் கூட்டம் மொத்தமும் இழுக்குமே ஒரு மூச்சு, அந்த மூச்சு. இழுத்தது இழுத்தபடி நின்றிருந்தது. யாரும் அதை வெளியே விடவில்லை.

கம்பியில் கோளாறு, என்று சொல்லிக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் கம்பிதான் காரணம் என்பது அவள் தொழிலின் வேதாந்தம்.

“அக்கா, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

“கால் ரெக்கார்டு ஆகுது, சார்.”

“ஆகட்டும்க்கா!”

“பயந்தாங்கொள்ளி! ஆள் இருக்கிற மாதிரி இருந்தா ஹால் லைட்டைப் போடு. படம் முடிஞ்சுதுன்னு எழுந்து போயிடுவாங்க.”

அவன் சிரித்தான். சுவிட்ச் சத்தம் கேட்டது.

பிறகு ஹெட்போனில், உட்கார்ந்தவர் எழுந்ததும் தானாக மடங்கும் இருக்கைகள் மடங்கின. ஒன்று. நாலைந்து. அப்புறம் பின்வரிசையிலிருந்து முன்வரிசை வரை, படபடபடவென்று, நானூறும்.

“இப்ப என்ன சத்தம்?” என்றான் தம்பி. சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்திருப்பான். “ஒருத்தரும் இல்லையே.”

அவள் விரல் தானாக மறுபடி அளவெடுத்தது. இரைச்சல். நிறுத்தம். கோடு நீண்டது, அழகாக, சோம்பேறித்தனமாக, புத்தகத்தில் போட்டிருப்பது போலச் சரிந்தது. காலி அரங்கு. திரையில் பச்சைக் கட்டம் மலர்ந்தது: பிரச்சினை தீர்ந்தது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?

“சரியாயிடுச்சாக்கா? அப்பாடா! என் வேலை தப்பிச்சுது!”

அவளும் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். எழுந்து போய்விட்டார்கள், நல்லது. எந்த வழியாக?

எல்லாக் கதவும் பூட்டு.

“டேய், ரூம் கதவைச் சாத்து.”

“எதுக்கு?”

“சாத்துடா!”

நாற்காலி நகர்ந்தது. நாலடி நடை. கதவு சாத்தும் சத்தம் வரவில்லை.

“சாத்த முடியலக்கா. ஏதோ இடிக்குது. வாசல்ல ஒண்ணுமே இல்ல, ஆனா இடிக்குது.”

புரொஜெக்டர் தன்னைச் சுற்றியுள்ள சூட்டை நிமிடத்துக்கு நிமிடம் கம்பெனிக்குச் சொல்லும். அவள் பார்த்தாள். இருபத்துநாலு டிகிரி. இருபத்தொன்பது. முப்பத்துமூன்று.

“அக்கா.” குரல் மாறியிருந்தது. வெறும் சுவர்கள் உள்ள அறையில் பேசுகிறவனின் எதிரொலி அதில் இல்லை. மெத்தைக்கடியிலிருந்து பேசுவது போல அமுங்கியிருந்தது. அந்த அமுக்கத்தை உலகத்திலேயே நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவள் அவள்.

“படத்தைப் போடு. போட்டா திரும்பிக் கீழே போயிடுவாங்க. போடுடா.”

“கை அசைய மாட்டேங்குது... இடமே இல்லக்கா...”

தூரத்திலிருந்தே இயக்கும் அதிகாரம் அவளுக்கு உண்டு. மேலாளரின் அனுமதியோடு. அனுமதி கேட்கவில்லை. அழுத்தினாள்.

விளக்குகள் அணைந்தன. படம் ஓடத் தொடங்கியது. ஹெட்போனில் யாரோ ஒரு கதாநாயகன் கணீரென்று வசனம் பேசினான். அவன் குரல் காலி இருக்கைகள் மேல் பட்டு, சுவருக்குச் சுவர் அலைந்தது. அலைந்துகொண்டே இருந்தது. ஒரு இருக்கைகூட விரியவில்லை. யாரும் திரும்பி வரவில்லை.

முப்பத்தேழு, மனித உடம்பின் சூடு. அதற்கு மேல் எண் ஏறவில்லை.

“தம்பி?”

போனில் மூச்சு. ஒருவனுடையதல்ல.

“தம்பி, பேசுடா.”

போனின் வாயருகே, மிக அருகே, ஒரு கைதட்டல். அப்புறம் இன்னொன்று. அப்புறம் நெருக்கியடித்து நின்ற நானூறு ஜோடிக் கைகளும், சின்ன அறைக்குள், திரைக்கு முதுகைக் காட்டியபடி, விடாமல்.